சவ்வு கிழியாது, ஆனாலும் காது போகும்

திருவிழா மாதங்கள் வந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கடிதங்களில் காது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆர்கெஸ்ட்ரா, பம்பை, கூத்து, கல்யாண மண்டபம் என்று இடம்தான் மாறுகிறது, புகார் ஒன்றுதான். இந்த இதழில் காது கேட்பியல் நிபுணர் ஒருவரும், மேடை ஒலி அமைப்பில் பழுத்த பொறியாளர் ஒருவரும் பதில் சொல்கிறார்கள்.

பாக்ஸ் பக்கத்தில் நின்று இரண்டு மணி நேரம் ஆர்கெஸ்ட்ரா பார்த்தேன். வீட்டுக்கு வந்தபின் காதில் ‘ஙொய்’ என்று ஒரே சத்தம். யார் பேசினாலும் பஞ்சு அடைத்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தது. மறுநாள் சாயங்காலம் சரியாகிவிட்டது. இனி கவலை இல்லைதானே?
— வாசகி, காவேரிப்பட்டணம்

சரியானது நல்லது. ஆனால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்செல்கள். ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்வது இவைதான். அதிகச் சத்தத்தில் இவை களைத்துச் சாய்கின்றன. அந்த நேரத்தில்தான் காது மந்தமாகிறது, இரைச்சல் கேட்கிறது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் 16 முதல் 48 மணி நேரத்துக்குள் நிமிர்ந்துகொள்ளும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது சில செல்கள் எழுவதே இல்லை. செத்த மயிர்செல் மனிதக் காதில் மறுபடி முளைக்காது. பல் விழுந்தால் கட்டிக்கொள்ளலாம், இதற்கு அந்த வழியும் கிடையாது.

இன்னொன்று. 2009-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பின்னும், மயிர்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதி வரை அழிந்திருந்தன. மனிதர்களிடமும் இப்படியே நடக்கிறதா என்ற ஆராய்ச்சி இன்னும் ஓடுகிறது. பரிசோதனைச் சீட்டில் எல்லாம் சரியாக இருந்தும், கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்று சிலர் சொல்வதற்கு இது காரணமாக இருக்கலாம்.

மறுநாளே சரியானதால் உங்களுக்கு மருந்து வேண்டாம். ஆனால் கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்: ஒரு காது மட்டும் திடீரென மந்தமாவது, தலைசுற்றல், இரண்டு நாள் தாண்டியும் விடாத இரைச்சல். திடீர்க் காது மந்தத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. அது முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன் தரும், இரண்டு வாரம் கழித்துப் போனால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு இருக்கிறது. அதற்கு முன்னால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். அடிபட்ட இடம் சவ்வுக்கு உள்ளே இருக்கிறது. எண்ணெய் அங்கே போகவே போகாது.

அதிகச் சத்தத்தில் காது சவ்வு கிழிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், பர்கூர்

கச்சேரிச் சத்தத்தில் கிழியாது. சவ்வு கிழிய 150 டெசிபலுக்கு மேல் திடீர் அதிர்வு வேண்டும். குவாரியில் வெடி வைப்பது, காதருகே பட்டாசு வெடிப்பது, கன்னத்தில் அறைவது, இவற்றில்தான் அது நடக்கும். சவ்வு கிழிந்தால் வலிக்கும், ரத்தம் வரும், ஆள் பயந்து மருத்துவரிடம் ஓடுவார். கிழிந்த சவ்வு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். கச்சேரி செய்யும் சேதம் வலிக்காமல், ரத்தம் வராமல், உள்ளே நடக்கிறது. அதனால்தான் ஆபத்து.

மொபைலில் டெசிபல் ஆப் போட்டுப் பார்த்தேன். கச்சேரியில் 98 காட்டியது. நம்பலாமா? 98 என்றால் எவ்வளவு நேரம் நிற்கலாம்?
— கல்லூரி மாணவர், தருமபுரி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ஏறத்தாழ 24 நிமிடம்.

எப்படி வந்தது என்று சொல்கிறோம், ஏனென்றால் இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் வைத்த வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. எனவே நேரம் பாதியாகிறது. 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 97-ல் அரை மணி, 100-ல் கால் மணி, 103-ல் ஏழரை நிமிடம். 106-ஐ எட்டிவிட்டால் நாலு நிமிடம்கூட இல்லை, ஒரு பாட்டு முடிவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும்.

நம் காது இந்த ஏற்றத்தைச் சரியாகச் சொல்லாது என்பதுதான் சிக்கல். ஆற்றல் இரட்டிப்பானாலும், ‘கொஞ்சம் கூட்டினாங்க போல’ என்றுதான் தோன்றும். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காதுக்குப் படுவதற்கு 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குள் ஆற்றல் பத்து மடங்காகிவிட்டிருக்கும்.

இனி ஆப். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பல ஆண்ட்ராய்டு போன்களில் 90, 100 டெசிபலைத் தாண்டியதும் மைக் திணறி, அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அதே எண்ணைச் சுற்றியே காட்டும். ஆகவே 98 காட்டினால், உண்மை 98 ஆகவும் இருக்கலாம், 104 ஆகவும் இருக்கலாம். பாட்டு உச்சத்துக்குப் போனாலும் எண் அசையாமல் நின்றால், மைக் நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பின் அமைப்பில் ‘ஏ’ அளவை, ‘ஸ்லோ’ இரண்டையும் தேர்ந்தெடுங்கள். துள்ளிக் குதிக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். ‘எல்இக்யூ’ என்ற சராசரி எண்ணை, குறைந்தது 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். போன் உறையைக் கழற்றி, காது உயரத்தில், உடம்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் பிடிக்க வேண்டும். மைக் துளையை விரல் மூடக் கூடாது, காற்று நேரே அடிக்கக் கூடாது. சட்டைப் பையில் வைத்து அளந்தால் அந்த எண் சட்டையைப் பற்றியது, கச்சேரியைப் பற்றியது அல்ல. ஒலிப் பொறியாளர் யாரிடமாவது அளவுக்கருவியும் 94 டெசிபல் தரும் காலிபரேட்டரும் இருந்தால், கருவியைக் காலிபரேட்டரில் சரிபார்த்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் வைத்து உங்கள் போன் எத்தனை டெசிபல் தப்பாகக் காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஆப்பே இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தால், அங்கே 85-ஐத் தாண்டிவிட்டது. வாயைக் காதோடு வைத்துக் கத்த வேண்டியிருந்தால் 100 பக்கம் போய்விட்டீர்கள்.

ஓசூரில் பிரஸ் ஷாப்பில் வேலை. எட்டு மணி நேரமும் கம்பெனி கொடுத்த இயர் பிளக் போடுகிறேன். சமீபத்தில் எடுத்த காதுப் பரிசோதனையில் 4000 ஹெர்ட்ஸில் குழி விழுந்திருக்கிறது என்றார்கள். பிளக் போட்டும் எப்படி? வார இறுதியில் நண்பர்களோடு ஆர்கெஸ்ட்ராவுக்குப் போவதைத் தவிர வேறு சத்தம் எதுவும் இல்லை.
— தொழிலாளர், ஓசூர்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் பதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிரஸ் ஷாப்பின் சராசரி 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பிளக் போடாவிட்டால் எட்டு மணி நேரத்தில் ஒரு நாள் பங்கைப்போல இரண்டு பங்கு. பிளக் உண்மையில் 15 டெசிபல் தடுத்தால் காதுக்குள் போவது 73. அது ஒரு நாள் பங்கில் பதினாறில் ஒன்றுதான். இப்போது சனிக்கிழமை ராத்திரி: மேடைக்குப் பக்கத்தில் 97 டெசிபல், இரண்டு மணி நேரம், பிளக் இல்லை. 97-க்கு அனுமதி அரை மணி. ஆக நான்கு நாள் பங்கு ஒரே ராத்திரியில். வாரம் முழுக்க ஆலையில் காத்த காதை அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறீர்கள். ஆலைச் சத்தம் வேறு, பாட்டுச் சத்தம் வேறு என்று உள்காது பிரித்துப் பார்ப்பதில்லை. பிடித்த பாட்டு என்றால் மனசு தாங்கும், மயிர்செல் தாங்காது.

அதே பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 97 அப்போது 82 ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் பங்கில் எட்டில் ஒன்று. அவ்வளவுதான்.

ஆனால் ஆலையில் பிளக் சரியாக அடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டப்பாவில் 29 டெசிபல், 33 டெசிபல் என்று அச்சிட்டிருப்பது ஆய்வகத்தில் சரியாகப் போட்டால் வரும் எண். தளர்வாகச் செருகினால் பாதிகூட வராது. இன்னொரு ஓட்டை, நேரம். 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை ஒரு மணி நேரத்தில் வெறும் 6 நிமிடம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு 10 டெசிபலுக்கு இறங்கிவிடும். ஃபோர்மேன் கூப்பிட்டார், போன் வந்தது என்று கழற்றுகிற அந்த ஆறு நிமிடம்தான். பேச வேண்டும் என்றால் மெஷினிலிருந்து தள்ளி வந்து கழற்றுங்கள்.

4000 ஹெர்ட்ஸில் குழி, அதாவது அந்த ஒலிப் பகுதியில் மட்டும் கேட்கும் திறன் இறங்கியிருப்பது, சத்தத்தின் கைரேகை மாதிரி. நம் காதுத் துளையின் நீளம் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை இயல்பாகவே பெருக்குகிறது. அதற்குச் சற்று மேலே, 3000 முதல் 6000 வரை, முதலில் அடி விழுகிறது. பேச்சில் ‘ச’, ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் கூர்மை இந்தப் பகுதியில் இருப்பதால், குரல் கேட்கும், சொல் புரியாது. அடுத்த பரிசோதனைக்குப் போகும் முன் குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருங்கள். ஷிஃப்ட் முடிந்து நேராகப் போனால் தற்காலிக மந்தமும் சீட்டில் ஏறிவிடும்.

காதில் பஞ்சு வைத்தால் போதாதா? இயர் பிளக் போட்டால் பாட்டு கேட்கவா முடியும்?
— வாசகி, கிருஷ்ணகிரி

பஞ்சு காற்றைத் தடுக்கும், ஒலியைத் தடுக்காது. கிடைப்பது ஐந்தாறு டெசிபல். அதைவிட மோசம், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற தைரியத்தில் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துவிடும்.

மருந்துக் கடையிலோ, ஆலைப் பாதுகாப்புப் பொருட்கள் விற்கும் கடையிலோ நுரை பிளக் கிடைக்கும். விலை ஒரு காபிச் செலவுதான். போடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு, பிளக்கை விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல் தீக்குச்சி மாதிரி மெல்லியதாக்குங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துளை நேராகும். சட்டென்று உள்ளே செருகி, விரல் நுனியால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். நுரை உள்ளே விரிந்து அடைக்க அவ்வளவு நேரம் ஆகும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். செருகியதும் உடனே கையை எடுத்தால் விரியும் நுரை வெளியே நழுவிவிடும்.

அடைத்ததா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்க மூடித் திறவுங்கள். மூடியபோதும் திறந்தபோதும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் உங்களுக்குக் கேட்டால் அது நல்ல அடையாளம், பயப்பட வேண்டாம்.

பாட்டு கேட்குமா என்றால், கேட்கும், ஆனால் மந்தமாக. நுரை கீச்சென்ற உச்ச ஒலியை அதிகமாகவும் பேஸை குறைவாகவும் தடுப்பதால், ஜாலராவும் வரிகளும் அமுங்கி டிரம்ஸ் மட்டும் ‘தம் தம்’ என்று வரும். ரசிகர்களுக்கு இசைக்கலைஞர் பிளக் என்று தனி வகை உண்டு. சிலிக்கான் அடுக்குகளுக்கு நடுவே சின்ன வடிகட்டி வைத்து, எல்லா ஸ்வரத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் பல கச்சேரிக்கு வரும். எதைப் போட்டாலும் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே போடுங்கள். நடுவில் போட்டால் எல்லாம் செத்துப்போனது மாதிரி இருக்கும். முன்னாலேயே போட்டால் ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

பம்பை அடிக்கிறேன். என் தம்பி கூத்தில் முகவீணை. எங்களுக்கு பாக்ஸ் சத்தத்தைவிட கைச் சத்தமே அதிகம். பிளக் போட்டால் தாளம் தப்பிவிடும் என்கிறார் ஆசான்.
— கலைஞர், பென்னாகரம்

ஆசான் சொல்வதில் பாதி சரி. நுரை பிளக் போட்டால் தாளக் கூர்மை போய்விடும், கை தன்னையறியாமல் கூடுதலாக அடிக்கும், மணிக்கட்டு வலிக்கும். அதனால் நுரை உங்களுக்கு ஏற்றதல்ல.

காது கேட்பியல் மையத்தில் அச்சு எடுத்துச் செய்யும் இசைக்கலைஞர் பிளக்கில் 9, 15, 25 டெசிபல் என்று மாற்றி மாற்றிப் போடும் வடிகட்டிகள் வரும். பம்பை, தவில், செண்டைக்கு 15-ல் தொடங்கலாம், அடைத்த மண்டபத்தில் தொடர்ந்து வாசிப்பவர் 25. பாடுபவருக்கும் ஆர்மோனியத்துக்கும் 9 போதும். அச்சு எடுக்கப் போகும் முன் மருத்துவரிடம் காட்டிக் காதுக் குறும்பியை அகற்றிவிட வேண்டும். அச்சு எடுக்கும்போது வாயை லேசாகத் திறந்து வைத்திருங்கள், குறிப்பாகத் தம்பி. தாடை அசையும்போது துளையின் வடிவம் மாறும். மூடிய வாயில் எடுத்த அச்சு, ஊதும்போது காற்று விட்டுவிடும்.

முதல் நாளே மேடையில் போடாதீர்கள். இரண்டு வாரம் சாதகத்தில் அரை மணி, ஒரு மணி என்று கூட்டிப் பழகுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் நேரம். கூத்து ராத்திரி பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஆறுக்கு முடிகிறது. காதருகே சராசரி 91 என்று வைத்தாலே எட்டு மணி நேரம் நான்கு நாள் பங்கு. உட்கார்கிற இடத்தை மாற்றினால் பாதி பிரச்சினை தீரும். முகவீணையின் வாய் பக்கத்தில் இருப்பவரின் காதுக்கு நேராக இருக்கக் கூடாது. முகவீணைக்காரரை இரண்டு அடி பின்னால் தள்ளி, அரை முழம் உயரத்தில் உட்காரவைத்தால் ஒலி பக்கத்தில் இருப்பவரின் தலைக்கு மேலே போகும். ஒலிபெருக்கி வைத்த கூத்தில் குழாய் ஸ்பீக்கரைப் பக்கவாத்தியக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் கட்டுவது வழக்கமாக இருக்கிறது. அதை முதலில் நிறுத்துங்கள்.

கீபோர்டு, டிரம்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காதுக்குள் வைக்கும் மானிட்டரை ஒரு காதில் மட்டும் போட்டு மற்றதைத் திறந்து வைப்பது ஸ்டைலாகத் தெரியலாம். ஒரு காதால் கேட்கும்போது சத்தம் குறைவாகப் படும், அதை ஈடுகட்ட வால்யூமைக் கூட்டுவீர்கள். திறந்த காதுக்கு மேடைச் சத்தம், மூடிய காதுக்குக் கூட்டிய வால்யூம். இரண்டும் போகும்.

சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கடைசி வரிசைக்காரர் ‘கேக்கல’ என்கிறார், முதல் வரிசைக்காரர் காதைப் பொத்துகிறார். என்ன செய்வது? இன்னும் பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகுமா?
— அரூர்

ஆகாது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், கடைசி வரிசைக்காரருக்கு லேசான வித்தியாசம்தான் தெரியும். பணம் முழுக்க முதல் வரிசைக் காதில்தான் போய் விழும்.

உங்கள் பிரச்சினை தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். பாக்ஸிலிருந்து 1 மீட்டரில் 120 என்றால், 4 மீட்டரில் 108, 16-ல் 96, 32-ல் 90. தரையில் அடுக்கிய பாக்ஸுக்கு முன் 4 மீட்டரில் உட்காரும் குழந்தைக்கும் 32 மீட்டரில் நிற்பவருக்கும் 18 டெசிபல் இடைவெளி. எந்த ஆம்ப்பாலும் இதை மாற்ற முடியாது. இடத்தை மாற்றினால்தான் முடியும்.

முதல் வேலை, டாப் பாக்ஸைத் தூக்குவது. ஸ்டாண்டிலோ டிரஸ்ஸிலோ 4, 5 மீட்டர் உயரத்தில் ஏற்றி, முகத்தை மைதானத்தின் பின்பாதியைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். முதல் வரிசைக்குத் தூரமும் கூடும், பாக்ஸின் நேர்முகத்திலிருந்தும் விலகும். டாப்பின் உச்ச ஒலிதான் நேர்க்கோட்டில் போவது, அது அவர்கள் தலைக்கு மேலே கடந்துவிடும். ஏற்றும்போது ஸ்டாண்டின் கால்களை முழுக்க விரித்து, மணல் மூட்டை வைத்து, பாதுகாப்புச் சங்கிலி போடுங்கள். காது தப்பி மண்டை உடைந்தால் பயனில்லை.

இரண்டாவது, நடு மைதானத்தில் இன்னொரு ஜோடி. 30 மீட்டர் தள்ளி வைத்தால், மேடைச் சத்தம் அங்கே வந்து சேர 25 டிகிரி வெயிலில் ஏறத்தாழ 87 மில்லிவிநாடி ஆகும், ஒலி விநாடிக்கு 346 மீட்டர் போவதால். அந்தத் தாமதத்தோடு இன்னும் 10, 15 சேர்த்து, ப்ராசஸரில் 100 என்று வையுங்கள். பாட்டு மேடையிலிருந்தே வருவதாகப் பின்னால் இருப்பவருக்குத் தோன்றும். தாமதம் வைக்காமல் விட்டால் ஒரே சொல் இரண்டாகக் கேட்கும், ‘புரியல, கூட்டு’ என்பார்கள், நீங்களும் கூட்டுவீர்கள். முன் பாக்ஸை 6 டெசிபல் குறைத்தே கச்சேரி நடத்தலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது, கயிறு. பேஸ் பாக்ஸுக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் தடுப்பு. குழந்தைகள் பேஸ் பாக்ஸ் மேல் ஏறி உட்காரும் காட்சி நம் பக்கம் எல்லாத் திருவிழாவிலும் உண்டு. அதற்கு ஒரு ஆளை நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

அளவு எவ்வளவு வைப்பது? உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வெளியிட்ட விதியில், ரசிகர் நிற்கும் இடத்தில் எந்த 15 நிமிடச் சராசரியும் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நீங்கள் முன் வரிசையில் நின்று மிக்ஸர் ஓட்டுவதில்லை. ஆகவே கூட்டம் வருமுன் ‘பிங்க் நாய்ஸ்’ என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, முதல் வரிசைத் தடுப்பிலும் மிக்ஸர் மேஜையிலும் அளந்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 8 என்றால், மிக்ஸரில் உங்கள் எல்லை 92. அதை ஒரு டேப்பில் எழுதி மிக்ஸர் மேல் ஒட்டுங்கள். முதல் பாட்டில் மாஸ்டர் ஃபேடர் நின்ற இடத்திலும் ஒரு டேப். ஒரு மணி நேரத்தில் உங்கள் காதும் களைத்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு எட்டு மணியைவிட 4 டெசிபல் கூட ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு அதே சத்தமாகத்தான் கேட்கும். டேப் களைப்பதில்லை.

ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டுவதை விட்டுவிடுங்கள். அப்போது அலையின் முனை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது, இல்லாத உச்ச ஒலிகள் பிறக்கின்றன. டாப்பின் டயஃப்ராம் எரிவதும், கேட்பவர் காது கூசுவதும் அதனால்தான். அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரைப் பூட்டி வையுங்கள். குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டரில் 100-ஐத் தாண்டும், அதுவும் காது மிகக் கூர்மையாக இருக்கும் ஒலிப் பகுதியில். அறிவிப்புக்கு அது போதும். அதில் பாட்டு போட வேண்டாம்.

கைக்குழந்தையோடு மாங்கனி கண்காட்சி கலைநிகழ்ச்சிக்குப் போகலாமா? அக்கா ஏழு மாதக் கர்ப்பம், அவரும் வருகிறார்.
— வாசகி, ஊத்தங்கரை

கண்காட்சிக்குப் போங்கள், மாம்பழம் பாருங்கள். மேடைக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள்.

குழந்தைக்கு நுரை பிளக் கூடவே கூடாது. துளை சிறிது, வெளியே வந்தால் வாயில் போட்டுக்கொள்ளும். தலையைச் சுற்றி மாட்டும் குழந்தை இயர் மஃப் வாங்குங்கள், கைக்குழந்தைக்குத் துணிப் பட்டை வைத்தது. காதுக் கம்மல், தொப்பி விளிம்பு எதுவும் மெத்தைக்கு அடியில் மாட்டக் கூடாது, மாட்டினால் இடுக்கில் சத்தம் புகும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்று வரம்பு வைத்த உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு 75 என்றுதான் வைத்திருக்கிறது. மஃப் போட்டாலும் அரை மணியில் எழுந்து கடைகள் பக்கம் போய்விடுங்கள். சத்தத்தில் குழந்தை தூங்கிவிட்டால் பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தூங்கும் காதும் திறந்தேதான் இருக்கிறது.

அக்கா பிளக் போட்டால் அக்காவின் காது தப்பும், வயிற்றுக்குள் இருப்பதற்கு அது உதவாது. உச்ச ஒலியை உடம்பு தடுத்துவிடும், பேஸ் உள்ளே போகும். பேஸ் பாக்ஸின் அதிர்வு நெஞ்சில் தெரியும் தூரத்தில் கர்ப்பிணி நிற்க வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

ராத்திரி பன்னிரண்டுக்கும் மேல் பக்கத்து ஊர் மைக் செட் எங்கள் வீட்டுக்குள் கேட்கிறது. பகலில் அதே செட் கேட்பதில்லை. ஏன்? சட்டம் என்ன சொல்கிறது?
— வாசகர், பாலக்கோடு

பகலில் தரை சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். ராத்திரியில் தரை முதலில் குளிர்கிறது, மேலே காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒலி திரும்பக் கீழே வளைந்து, ஏரியைத் தாண்டி உங்கள் திண்ணையில் இறங்குகிறது. சுற்றுப்புறச் சத்தமும் அடங்கிவிடுவதால் தெளிவாகவும் கேட்கும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. பண்டிகைக்காக மாநில அரசு ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். 12-க்கு மேல் யாருக்கும் கிடையாது. மூடிய மண்டபத்துக்குள் இரவிலும் போடலாம், ஆனால் சத்தம் வெளியே வரும் அளவுக்கும் வரம்பு உண்டு. பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். குடியிருப்பின் பகல் அளவு 55 என்பதால் அங்கே பகலில் 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். புகார் சொல்லும்போது ‘சத்தம் தாங்கல’ என்பதைவிட, இடம், தொடங்கிய நேரம், இப்போதைய நேரம் மூன்றையும் சொல்லுங்கள். நேரம் கடந்த புகாருக்கு டெசிபல் அளந்து காட்ட வேண்டியதே இல்லை.

நுரை பிளக்கைக் கழுவித் திரும்பப் போடலாமா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

வேண்டாம். தண்ணீர் பட்டால் நுரை இறுகிவிடும், பிறகு உள்ளே விரியாது. உருட்டிவிட்டதும் அரை நிமிடத்தில் பழைய உருவத்துக்கு வராவிட்டாலோ, நிறம் மாறியிருந்தாலோ எறிந்துவிடுங்கள். சிலிக்கான் பிளக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அலசுங்கள், அதற்குள் தண்ணீர் போனால் பிளக் வெறும் அடைப்பு ஆகிவிடும். பிளக்கை வெளியே எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாகத் திருகிக்கொண்டே எடுங்கள்.